எங்கள் வீட்டுப் பெருவிரல்

அக்கா, உங்களுக்கு ரேகை விழுமா?

கோவிச்சுக்காதீங்க. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஊர் என்ன, பேர் என்னன்னு கேட்காமல் இதைக் கேட்கிறாளேன்னு பார்க்காதீங்க. ரேஷன் கடை மிஷினில் விரலை வைச்சா பச்சை லைட்டு எரியுதா, சிவப்பு எரியுதா, அதைத்தான் கேட்கிறேன். பச்சையா? முதல் தடவையிலேயேவா? குடுத்து வைச்சவங்க நீங்க. கையைக் காட்டுங்க பார்ப்போம். அடடா, என்னா வரி, என்னா சுழி! துணிக்கடையில் பில் போடுறீங்களா? அதான். அப்படிப்பட்ட வேலை செய்யுற விரலைத்தான் மிஷினுக்குப் பிடிக்கும்.

எனக்கும் விழும். இப்போ விழும். எங்க வீட்டில் இன்றைய தேதிக்கு ரேகை விழுற ஒரே ஆள் நான்தான். இதோ, இந்தப் பெருவிரல். தொடாதீங்க, சும்மா பாருங்க. துணி சுத்தியிருக்கேனேன்னு பார்க்கிறீங்களா? பஸ் கம்பியெல்லாம் துரு பிடிச்சுக் கிடக்கு, அதுக்குத்தான். அடிபட்டதெல்லாம் இல்லை.

பாப்பா காலை உங்க மடியில் போட்டுட்டாளா? தள்ளி விடுங்க. பரவாயில்லையா? சரி, தூங்கட்டும். சேத்தியாத்தோப்பு போகணும் நாங்க. எங்க அம்மா வீடு. நீங்களும் அங்கதானா? அப்போ நிதானமாவே சொல்றேன்.

நான் வாழ்க்கைப்பட்டது பண்ருட்டிப் பக்கம். அங்கே முந்திரிதான் எல்லாம். கம்பெனிக்காரங்க வறுத்த கொட்டையை மூட்டை மூட்டையா வீட்டு வாசலில் இறக்கிட்டுப் போயிடுவாங்க. நாம உடைச்சுப் பருப்பை முழுசா எடுத்துக் குடுக்கணும். கல்லில் வைச்சுக் கட்டையால் ஒரு தட்டு. பலமா தட்டினா பருப்பு நொறுங்கும், மெதுவா தட்டினா ஓடு வாயைப் பிளந்து சிரிக்கும், பருப்பு முழுசா வரும். அந்த ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கு பாருங்க, கருப்பா, பிசுபிசுன்னு. பட்ட இடம் உரிஞ்சு போகும். சாம்பலைக் கையில் பூசிக்கிட்டுத்தான் உட்காருவோம். அந்த எண்ணெய் சாம்பலுக்கெல்லாம் பயப்படுற ஜாதி இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து உடைச்சு உடைச்சு என் பத்து விரல் நுனியும் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி வழவழன்னு ஆகிப்போச்சு. ஈ உட்கார்ந்தா வழுக்கி விழும்.

எங்க வீட்டுக்காரர் ராஜவேலு, கொத்தனார். சிமெண்ட்டு தின்னது போக மிச்சம் இருக்கிறதுதான் அவர் விரல். மிஷினில் அவர் கையை வைச்சா, செங்கல்லை வைச்ச மாதிரி அது பாட்டுக்கு இருக்கும்.

மிச்சம் யாரு? என் மாமியார் அஞ்சலாட்சி. அவங்க பூ கட்டி விற்கிறவங்க. நாள் பூரா ஈரத்துணியும் மல்லிப்பூவுமா இருக்கிற கை. முந்திரி உடைக்க வாங்கத்தைன்னா, "அந்தப் பொகையும் நாத்தமும் எனக்கு ஆவாது, தும்மல் வரும்"னு ரெண்டு தும்மல் போட்டுக் காட்டுவாங்க. அதனால அவங்க விரல் அச்சு அசலா, வாங்கினது வாங்கினபடி இருந்தது. மிஷினில் வைச்சா, வைக்கிறதுக்கு முன்னாடியே பச்சை எரியும்.

அரிசி, பருப்பு, சர்க்கரை, பாமாயில் எல்லாம் அந்த ஒரு விரல் வழியாத்தான் எங்க வீட்டுக்குள்ளே வந்தது. இப்போ புரியுதா, அந்த வீட்டில் யார் ராஜ்ஜியம் நடந்திருக்கும்னு?

ரேஷன் போடுற வாரம் வந்தா பெருவிரலுக்குத் துணி சுத்திடுவாங்க. சிரிக்காதீங்க, உண்மையாத்தான். வெங்காயம் உரிக்க மாட்டாங்க. புளி கரைக்க மாட்டாங்க. "ரேகை கரைஞ்சிடும்"பாங்க. சண்டை வந்தா பேசவே மாட்டாங்க, பெருவிரலைத் தூக்கிக் காட்டுவாங்க. மத்த ஊரில் அதுக்கு சபாஷ்னு அர்த்தம். எங்க வீட்டில் அதுக்கு ஜாக்கிரதைன்னு அர்த்தம்.

ஒரு தடவை கருவாட்டுக் குழம்பில் உப்பு தூக்கலா போச்சு. "நான் செத்தா சீக்கிரம் பொதைக்கலாம்னு உப்பு போட்டு வைக்கிறியா"ன்னு ஆரம்பிச்சது. நான் என்ன, சும்மா இருப்பேனா? "உங்களுக்கு உப்பு போட்டா உப்புதான் கெட்டுப்போகும்"னேன். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கிட்டுச் சிதம்பரத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. அன்றைக்கு ரேஷன் போடுற கடைசி நாள். எங்க வீட்டுக்காரர் போன் பண்ணினால், என் நாத்தனார் கோமளா எடுத்துச் சொல்றாங்க: "எங்கம்மா வராது. வேணும்னா வெரல மட்டும் கழட்டிக் குடுத்தனுப்பவா?"

அப்புறம் இவர் வேலையைப் போட்டுட்டு வண்டியில் போய்க் கூட்டிக்கிட்டு வந்தார். வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்து, ஈரத்துணி சுத்தின விரலை நெஞ்சுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க, காத்தில் அணைஞ்சிடாமல் விளக்கு கொண்டு வர்ற மாதிரி. ஊரே வேடிக்கை பார்த்தது.

ஒரு மனுஷிக்கு இவ்வளவு ஆகுமா அக்கா, ஒரு விரலை வைச்சுக்கிட்டு? வீட்டை விட்டுப் போறதே தப்பு. அதுவும் ரேஷன் போடுற கடைசி நாளாப் பார்த்துப் போறது இருக்கே, அது கோபத்தில் போறது இல்லை, கணக்குப் போட்டுப் போறது.

என்ன, என் பையைப் பார்க்கிறீங்க? அது பாப்பா துணி.

இப்படிப் போய்க்கிட்டிருந்தப்போ கடை வாசலில் ஒரு அட்டை தொங்க விட்டாங்க. கார்டில் பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும் நேரில் வந்து ரேகை வைக்கணும், வைக்காதவங்க பேரை எடுத்துடுவோம்னு. அத்தை அன்றைக்கே போய் ஒரே அமுக்கில் வைச்சுட்டு, மஞ்சள் குளிச்ச மாதிரி முகத்தை வைச்சுக்கிட்டு வந்தாங்க. இவருக்கும் எப்படியோ சுட்டுவிரலில் அந்த ஒரு தடவை விழுந்துட்டது, அவருக்கே நம்பிக்கை இல்லை, அதுக்கப்புறம் விழவும் இல்லை. பாப்பா பேர் இன்னும் சேர்க்கவே இல்லை. பாக்கி நான்.

போனேன். கடைக்காரர் தட்சிணாமூர்த்தி அண்ணன் நல்ல மனுஷன். "வைம்மா"ன்னார். வைச்சேன். சிவப்பு. "தொடைச்சிட்டு வை." தொடைச்சிட்டு வைச்சேன். சிவப்பு. அதுக்குள்ளே வரிசையில் நின்ன அத்தனை பேரும் டாக்டர் ஆயிட்டாங்க. "தலைமுடியில தேச்சுட்டு வை." "வாயால ஹான்னு ஊது." "அமுக்காத, பட்டும் படாம வை." "நல்லா அமுக்கு, இன்னா பூவா அது?" ஒரு தாத்தா வந்து, மிஷினைத் தட்டிப் பார்த்துட்டு, "இதுல ஒண்ணும் கொறை இல்ல"ன்னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டுப் போனார். பத்து விரலையும் வைச்சாச்சு. பக்கத்து வீட்டு முத்தாலு அக்கா பின்னாடியிருந்து, "கால் வெரலயும் வச்சுப் பாரேண்டி, அது முந்திரி ஒடைக்கலியே"ங்கிறாங்க. கடையே சிரிச்சது. நானும் சிரிச்சேன். எனக்குச் சிரிப்பு வந்தா அடங்காது, எங்க வீட்டுக்காரர் அதுக்கே திட்டுவார்.

அப்போதான் அத்தை சொன்னாங்க, அத்தனை பேர் நடுவில்: "மிஷினுக்கே இவ யாருன்னு தெரியல. எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

ஏன்னா, யோசிச்சுப் பாருங்க. கல்யாணமானதும் எங்க அப்பா கார்டில் என் பேரை எடுத்தாச்சு. இந்தக் கார்டில் சேர்க்கிறதுக்கு எத்தனை தடவை அலைஞ்சேன், எத்தனை பேர்கிட்ட நின்னேன். இப்போ இங்கேயும் எடுத்துட்டா? பிறந்த வீட்டுக் கார்டிலும் இல்லை, புகுந்த வீட்டுக் கார்டிலும் இல்லை. நான் எந்த வீட்டுப் பொண்ணு அக்கா அப்போ? அரிசி கிடக்கட்டும், அரிசியா பெரிசு? வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்கினதும், அவ இந்த வழவழா விரலைத்தான் கெட்டியா பிடிச்சுக்கிட்டா. உனக்கு மட்டும் எப்படிடி தெரியுதுன்னு கேட்டேன். கொட்டாவி விட்டா.

கடைக்காரர் அண்ணன் ஒரு வழி சொல்லியிருந்தார். "ரேகை எங்கயும் போயிடலம்மா, தோலுக்கு அடியில இருக்கும். முந்திரியத் தொடாம கொஞ்ச நாள் இரு, தானா மேல வரும். பேர் எடுக்க நாள் இருக்கு."

இதை வீட்டில் சொன்னதும் அத்தை குதிச்சாங்க பாருங்க. "ரேகை வளக்க லீவா? நான் புள்ள பெத்தப்பகூட லீவு எடுக்கல!" அப்புறம் கூரையைப் பார்த்தாங்க. எனக்குத் தெரியும், மனசுக்குள்ளே அரிசி அளக்கிறாங்கன்னு. ஒரு பேர் குறைஞ்சா ஒரு ஆள் அரிசி குறையும். எங்க வீட்டில் காலையில் இட்லி இல்லைன்னா அவங்களுக்குப் பொழுதே விடியாது. அது பனி மாசம் வேற, மல்லி வரத்து சுத்தமா இல்லை, பூ வேலையும் இல்லை. மூட்டையோ வாசலில் நிக்குது.

கட்டையைக் கையில் எடுத்தாங்க, என் மாமியார். தும்மலே வரலை.

அந்த நாள் எல்லாம் எனக்குத் திருவிழா அக்கா. நான் பாட்டுக்குக் கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அத்தை உடைப்பாங்க. ஒவ்வொரு கொட்டைக்கும் என் பேரை வைச்சு உடைச்சாங்கன்னு நினைக்கிறேன், அடி அப்படி விழுந்தது. பருப்பெல்லாம் ரவையா வருது. "அத்தை, மெதுவா தட்டணும், ஓடு சிரிக்கிற மாதிரி"ன்னு சொல்லிக் குடுத்தேன். "நீ சிரிக்கிறது போதும்"னாங்க. எனக்கு அதுக்கும் சிரிப்பு.

தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலை, நானும் இவரும் போன் லைட்டை அடிச்சு என் பெருவிரலைப் பார்க்கிறதுதான். முதலில் ஒண்ணும் தெரியலை. அப்புறம் ஓரத்தில் லேசா ஒரு கோடு. "வந்துட்டுது!"ன்னு நான் போட்ட சத்தத்தில் பாப்பா எழுந்து அழுதா. இவர் உத்துப் பார்த்துட்டு, "அது தலகாணி மடிப்பு"ன்னார். ஆனா மறுநாளும் இருந்தது. அப்புறம் ஒண்ணுக்குப் பக்கத்தில் ஒண்ணு, இட்லித் துணியின் அச்சு இட்லி மேலே விழுமே, அந்த மாதிரி மெலிசா வரிவரியா வந்தது. எனக்கு இருப்பு கொள்ளலை. குங்குமத்தில் தொட்டுக் காலண்டரில் வைச்சுப் பார்ப்பேன். அடுப்புக் கரியில் தொட்டுச் சுவரில் வைச்சுப் பார்ப்பேன். மாவில் வைச்சுப் பார்ப்பேன், அன்றைக்குச் சுட்ட அடையெல்லாம் என் கையெழுத்தோட வெந்தது. இவர், "வீட்டுக்குத் திருடன் வந்து போனாகூட இவ்ளோ ரேகை கெடைக்காது"ன்னார்.

நடுவில் சுழி இருக்கு எனக்கு. சங்கு மாதிரி. நான் பார்த்ததே இல்லை அக்கா அதுக்கு முன்னாடி. என் விரலில் அப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது.

நாளும் வந்தது. தலைக்குக் குளிச்சு, நல்ல புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். அத்தையும் வந்தாங்க, அந்த மாசத்து அரிசி வாங்கணுமே. வரிசையில் எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. முத்தாலு அக்கா, "பொண்ணு பாக்க வந்த மாதிரி வந்திருக்கா பாரு"ங்கிறாங்க. விரலை வைச்சேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

ஒரு சின்ன சத்தம். "வினோதினி, ராஜவேலு மனைவி"ன்னு அண்ணன் படிக்கிறார். கண்ணைத் திறந்தா பச்சை!

நான் குதிச்ச குதியில் செருப்பு அறுந்துபோச்சு. யார் யாரையோ கட்டிப் பிடிச்சேன். சர்க்கரை வாங்கி வைச்சிருந்த ஒரு அம்மா என் வாயில் ஒரு பிடி அள்ளிப் போட்டாங்க. மிஷினையே கட்டிப் பிடிக்கப் போனேன், அண்ணன் எடுத்து வைச்சுக்கிட்டார்.

அடுத்து அரிசி. அத்தை வழக்கம்போல என்னைத் தள்ளிட்டு முன்னாடி வந்து, முந்தானையில் விரலைத் துடைச்சு, ராணி மாதிரி வைச்சாங்க.

சிவப்பு.

அத்தை மிஷினைப் பார்த்தாங்க. மிஷின் அத்தையைப் பார்த்தது. இன்னொரு தடவை. சிவப்பு. சுட்டுவிரல். சிவப்பு. கையைப் புரட்டிப் பார்க்கிறாங்க, யாரோ மாத்தி வைச்சுட்ட மாதிரி. நுனியெல்லாம் கருப்பா, உரிஞ்சு, வழவழன்னு. "வேற வெரல வைங்கம்மா"ன்னு அண்ணன் சொல்லி வாய் மூடலை, நான் பாய்ஞ்சுட்டேன். "எதுக்குண்ணே அவங்களச் செரமப்படுத்துறீங்க? நான் வைக்கிறேன்." வைச்சேன். பச்சை! அரிசி கொட்டின சத்தம் இருக்கே, எனக்கு மேளச் சத்தம் மாதிரி கேட்டது.

அன்றையிலிருந்து நான்தான் எங்க வீட்டுப் பெருவிரல்.

ஆனா நான் அவங்களை மாதிரி கிடையாது அக்கா. அதை நீங்க நம்பணும். அதிகாரமெல்லாம் எனக்கு வரவே வராது. என்ன, முந்திரி மட்டும் தொடுறதில்லை. எப்படித் தொடுறது, மறுபடி ரேகை போச்சுன்னா? வீட்டுக்குத்தானே நஷ்டம்? அத்தையே உடைக்கட்டும்னு விட்டுட்டேன், கையும் பழகிடுச்சு, பருப்பும் இப்போ முழுசா வருது. காலையில் பூ, மத்தியானம் முந்திரி, அவங்களுக்கும் பொழுது போகணுமில்லை? ரேஷன் போடுற வாரம் மட்டும் பாத்திரம் தேய்க்க மாட்டேன். புளி கரைக்க மாட்டேன். வெங்காயம் உரிக்கிறதும் ஆகாது, அதில் ஒரு காரம் இருக்கு. சண்டைன்னா இப்படி ஒரு தடவை விரலைத் தூக்குவேன், அவ்வளவுதான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதில் என்ன தப்பு? என்ன அக்கா சிரிக்கிறீங்க? சிரிக்கிற மாதிரி என்ன சொல்லிட்டேன் இப்போ?

இன்றைக்குக் காலையில் பாருங்க. இவர் சங்கரா மீன் வாங்கிட்டு வந்தார். இன்றைக்குப் பூ வரலைன்னு அத்தை காலையிலேயே முந்திரியில் உட்கார்ந்திருக்காங்க. "ஏ பொண்ணு, அந்த மீன அலசி வையி"ன்னாங்க. நான் மரியாதையாத்தான் சொன்னேன், "அத்தை, ரேஷன் வாரம், செதில் விரல்ல குத்திடும்"னு. அதுக்கு அவங்க கட்டையைக் கீழே போட்டுட்டு, "மீன் அலச வெரல் ஆவாது, திங்க மட்டும் அஞ்சு வெரலும் வருமா?"ன்னாங்க.

கேட்டுக்கிட்டு இருக்கணுமா நான்? வீட்டுக்கே சோறு போடுற விரல் இது. இவர் குறுக்கே வந்து, "எம்மா சும்மா இரு, வினோதி நீயும் சும்மா இரு, மீன நான் அலசுறேன்"னார். சிமெண்ட்டுக் கையோட மீனைத் தொட்டா யார் திங்கிறது? பாப்பாவைத் தூக்கிக்கிட்டேன், பையை எடுத்தேன், பஸ் ஏறிட்டேன். ஆமா, இன்றைக்குக் கடைசி நாள்தான். சாயங்காலம் கடையை மூடிடுவாங்க. அதுக்கு நான் என்ன பண்றது? கோபம் நாள் பார்த்தா வரும்?

நெய்வேலி ஆர்ச் கேட் வந்துட்டுதா? இவரும் அப்போ பிடிச்சுப் போனில் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். இதோ பாருங்க, மறுபடியும். எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். வண்டியை எடுத்துக்கிட்டு வரட்டும். வந்து, எங்க அம்மா முன்னாடி, "வினோதி, வந்து ஒரு வெரல் வையி"ன்னு கேட்கட்டும். அதுக்கப்புறம் யோசிப்பேன். போகாமல் இருக்க மாட்டேன். யோசிச்சுட்டுப் போவேன்.

எங்க அம்மா கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. அவங்க அத்தை கட்சி. எங்க போனாலும் எனக்கு ஆள் கிடையாது பாருங்க.

போன் நின்னுடுச்சு. ஏன் நிறுத்திட்டார்? இவ்வளவு சீக்கிரம் நிறுத்துற ஆள் இல்லையே அவர்.

இருங்க, மறுபடி அடிக்குது. இது அவர் இல்லை. அத்தை நம்பர். அத்தைக்கு வர்ற போனை எடுக்கத் தெரியும், போடத் தெரியாது. யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க. எடுக்கட்டுமா? நீங்க சொல்றதாலே எடுக்கிறேன்.

ஹலோ. ம். சொல்லுங்க. பஸ்ஸில்தான். பாப்பா தூங்குறா. பால் குடிச்சா, குடிச்சா. என்னது? சத்தமா பேசுங்க அத்தை, பஸ் சத்தம். எங்க இருக்கீங்க? கடையிலயா? கடையில என்ன பண்றீங்க நீங்க? எந்த விரல்? சுண்டுவிரலா? எந்தக் கை? இடது கையா? நிஜமாவா? யார் சொன்னது வைக்கச் சொல்லி? ம். ம். அரிசியா? சர்க்கரையுமா? ம். என்ன எண்ணெய்? ஆங், தெரியும், தெரியும். என்ன சொன்னீங்க? இல்ல, கடைசியா என்ன சொன்னீங்க? சரி. சரி, வைங்க.

அக்கா, விழுந்துட்டுதாம்.

இடது கை சுண்டுவிரல். "அன்னைக்கே சொன்னேன் வேற வெரல வைங்கன்னு, உங்க மருமவதான் வுடல"ன்னாராம் அந்த அண்ணன். ஒவ்வொண்ணா வைச்சுக்கிட்டே வந்திருக்காங்க. எல்லாம் சிவப்பு, சிவப்பு, சிவப்பு, கடைசியில் சுண்டுவிரல் பச்சை. கட்டையைப் பிடிக்கிறதில் இடது சுண்டுவிரலுக்கு என்ன வேலை? அது பாட்டுக்குச் சொகுசா இருந்திருக்கு. என்னோடதுதான் வருஷக்கணக்கா எண்ணெயில் ஊறி அதுவும் போயிருந்தது. அவங்களுக்கு அப்படியே இருந்திருக்கு! அரிசி வாங்கியாச்சாம். சர்க்கரை வாங்கியாச்சாம். பாமாயில் தீர்ந்துபோச்சாம், அது மட்டும் இல்லையாம். வரிசையே கை தட்டிச்சாம். முத்தாலு அக்காதான் போனைப் போட்டுக் குடுத்திருக்கு, பின்னாடி அது சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

இதில் இன்னொண்ணு சொன்னாங்க பாருங்க. "ஒண்ணும் அவசரமில்ல. நிதானமா பத்து நாள் உங்கம்மா வீட்டுல இருந்துட்டு வா"ங்கிறாங்க. அவசரமில்லையாம் அக்கா! பத்து நாளாம்! பத்து நாளில் அந்தச் சுண்டுவிரல் என்னென்ன பண்ணும் தெரியுமா? மோதிரம் போட்டுக்கும்!

இல்லை, அழலை. சிரிப்புதான். எனக்குச் சிரிச்சா கண்ணில் தண்ணி வரும்.

கடைசியா ஒண்ணு சொன்னாங்க. எங்க அம்மா ஒரு எண்ணெய் காய்ச்சுவாங்க, தீக்காயத்துக்குப் போடுறது. வரும்போது அது ஒரு பாட்டில் வாங்கிட்டு வான்னாங்க. "கை எரியுது வினோதி. ராத்திரியில தூக்கம் வரல. நீ இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லாம எப்பிடிடி பொறுத்துக்கிட்டு இருந்த?"ன்னாங்க.

பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க அக்கா. ஏ பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க எப்பவும்.

ரெண்டாவது தடவை சொல்லச் சொன்னேனே, எனக்கு நல்லாத்தான் கேட்டது. சும்மா இன்னொரு தடவை கேட்கலாம்னு.

எழுந்திரிக்கிறேன், வழி விடுங்க. ஆமா, இறங்கப் போறேன். அடுத்தது வடலூர்தானே? அங்கே நாட்டு மருந்துக் கடை இருக்கு. அந்த எண்ணெய்ப் பக்குவம் எனக்கே தெரியும், அம்மா காய்ச்சும்போது கூடவே இருந்து கிளறினவ நான்தான். சாமான் வாங்கிக்கிட்டு எதிர் பஸ் பிடிச்சா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ளே போயிடலாம். சாப்பிட்டுட்டு அவங்க மறுபடி முந்திரியில் உட்காருறதுக்குள்ளே நான் அங்கே இருக்கணும். ஆளுக்குப் பாதி உடைச்சா ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ரேகை மிஞ்சாதா? மிஞ்சும். யார் ரேகை அதிகம் மிஞ்சுதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்.

சுண்டுவிரலுக்குப் பயந்து திரும்புறேன்னு நினைக்காதீங்க. பாவம், கை எரியுதாம். அதுக்குத்தான்.

ஐயோ, வடலூரில் நிக்காதா இந்த பஸ்? பைபாஸில் போறதா? முதல்லயே சொல்லக் கூடாதா! அக்கா, பாப்பாவை ஒரு நிமிஷம் பிடிங்க, தலையைத் தாங்கிப் பிடிங்க. கண்டக்டர் அண்ணே! அண்ணே, இங்கதான்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு விசில் அடிச்சு, என்னை இந்த ரோட்டு முனையிலயே இறக்கி விட்டுடுங்கண்ணே!